உள்ளே இருப்பவர் கவனிக்கவும்

தீ விபத்தில் உயிர்ச்சேதம் பூஜ்யம் என்பதற்காக அந்தத் தொழிற்பேட்டைக்கு விருது கிடைத்த வாரத்தில்தான் அவளுக்கு அங்கே வேலை கிடைத்தது. அந்தத் தீயில்தான் அவள் கணவர் போயிருந்தார்.

போனார் என்பதை நிர்வாகமும் ஒப்புக்கொண்டது. எங்கே போனார் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

பெயிண்டும் தின்னரும் பசையும் அடுக்கி வைத்த கிடங்குகள் நிறைந்த பேட்டை அது. முன்பு அதற்கென்று ஒரு தீயணைப்புக் குழு இருந்தது. அவள் கணவர் அதில் குழாய் பிடிப்பவர். ட்ரோன் வந்த பிறகு குழுவில் பாதிப் பேரைக் குறைத்து, மீதிப் பேரை அங்கங்கே பிரித்துப் போட்டார்கள். அவருக்கு நாலாம் கிடங்கில் காவல் வேலை. ட்ரோனுக்கு நிர்வாகம் வைத்த பெயர் ‘காவலன்’. நாலு இறக்கையும் உருண்டைக் கண்ணுமாக அது அந்தரத்தில் அசையாமல் நிற்பதைப் பார்த்து, பேட்டையில் எல்லோரும் அதைத் தட்டான் என்றுதான் சொன்னார்கள்.

நாலாம் கிடங்கு பற்றிக்கொண்டது ஒரு மத்தியானம். பழைய குழாய்க்காரர்கள் ஓடிவந்து குழாயை விரித்துச் சுவரோரம் நின்றார்கள். ஆனால் உள்ளே ஆள் இருக்கிறதா என்று தட்டான் சான்று சொல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்பது விதி. தட்டான் வந்தது. மேலே வட்டமடித்தது. ‘உள்ளே ஆள் இல்லை’ என்று ஒலிபெருக்கியில் அறிவித்தது. பிறகு நுரையைக் கொட்டியது. கூரை இறங்கியது. மறுநாள் மண் அள்ளும் இயந்திரம் வந்து சாம்பலையும் தகரத்தையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போய் எங்கேயோ கொட்டிவிட்டு வந்தது. இருந்த குழாய்களையும், தட்டான் ஒன்றே போதும் என்று நிரூபணமாகிவிட்டதால், விற்றுவிட்டார்கள்.

பாதுகாப்புத் தலைமை அதிகாரி அவளைத் தன் அறைக்கு அழைத்து உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மிகப் பொறுமையாக விளக்கினார். விருதுக்குப் பிறகு ஆட்கள் அவரை ஜீரோ சார் என்று அழைக்க ஆரம்பித்திருந்தார்கள். அது அவர் காதிலும் விழுந்திருந்தது. அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

“பாருங்கம்மா. உள்ளே ஆள் இருந்திருந்தா காவலன் சொல்லியிருக்கும். சொல்லலை. அதனால ஆள் இல்லை. ஆள் இல்லைன்னா எங்கயோ போயிருக்கார். போறப்போ கேட்ல பஞ்ச் வைக்காம போயிருக்கார். அது தனிக் குற்றம். அதை நான் பெருசுபடுத்த விரும்பலை.”

“அவரு சைக்கிள் ஸ்டாண்டுலயே நிக்குது சார். சாப்பாட்டுப் பைகூட அதுலயே தொங்குது.”

“அதைத்தான் நானும் சொல்றேன். ஓடிப்போகணும்னு முடிவு பண்ணவன் சைக்கிள் மிதிச்சுக்கிட்டா போவான்?”

அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள்.

“பொம்பளப் பிள்ளையை வச்சுக்கிட்டு நிக்கிறீங்க. ஓடிப்போனவரோட குடும்பத்தை நடுத்தெருவுல விடுற நிர்வாகம் இல்லை இது” என்றார் ஜீரோ சார். அன்றைக்கே கட்டுப்பாட்டு அறையில், தட்டான் அனுப்பும் படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. அதுவரை ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். கொஞ்ச நாளில் எல்லோருக்கும் அவள் ‘ஸ்கிரீன் அக்கா’ ஆகிவிட்டாள்.

வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், நிர்வாகம் சொன்னதை நம்பினாள். பள்ளியிலும் அதையே சொன்னார்கள். ஆணியில் மாட்டியிருந்த அப்பாவின் சட்டைகளை ஒருநாள் ஒரு சாக்கில் திணித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

“ஏண்டி அதை எடுத்தே?”

“போனவருக்குச் சட்டை எதுக்கு? அங்க புதுசு வாங்கியிருப்பாரு.”

“அப்பா அப்படிப்பட்டவர் இல்லடி.”

“அப்போ எங்க? சொல்லு. செத்துட்டாரா? யாராவது சொன்னாங்களா?”

யாரும் சொல்லவில்லை. அவளே சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தச் சொல்லைத் தன் வாயால் முதலில் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. யாராவது ஒருவர், அதிகாரத்தில் இருக்கும் ஒருவர், ஒரே ஒரு தடவை சொன்னால் போதும் என்று இருந்தது.

வேலையில் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. காலையில் எல்லோரும் முற்றத்தில் வரிசையாக நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். தட்டான் தலைகளை எண்ணும். எண்ணி முடித்ததும் கையை நீட்டி, ‘நான் தவறுவேன், காவலன் தவறாது’ என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். தட்டான் எண்ணாத தலை அன்றைக்கு வேலைக்கு வராத தலை. ஒருநாள் மழை. எல்லோரும் குடை பிடித்திருந்தார்கள். ‘வளாகத்தில் பணியாளர் எவரும் இல்லை’ என்று தட்டான் அறிவித்தது. அத்தனை பேருக்கும் விடுப்புப் போடப்பட்டது. ஜீரோ சாரும் குடைக்குள்தான் நின்றிருந்தார். அவர் தனக்கும் விடுப்புப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் சாயங்காலம் வரை தன் அறையிலேயே இல்லாமல் இருந்தார். அவருடைய நேர்மையை எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

உடம்பு பெருத்த ஒரு லோடுமேனைத் தட்டான் இரண்டு பேராக எண்ணியது. இரண்டாமவரைக் கண்டுபிடிக்க விசாரணை நடந்தது. லோடுமேனையே சாட்சியாகக் கூப்பிட்டு, “உங்க பக்கத்துல நின்னது யாரு?” என்று கேட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்து முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பேரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஒன்று, அன்றைக்கு அவர் இல்லை என்று சொல்லியிருக்கிறது. ஒருவேளை நிஜமாகவே ஓடித்தான் போய்விட்டாரோ என்றுகூட சில நாள் தோன்றியது. தோன்றியதும் தன்மேலேயே அருவருப்பாக இருக்கும்.

பொழுது சாயும் நேரத்தில் தட்டானின் சூட்டுக் கண்ணைத் திறந்துவிடுவார்கள். திரையில் குளிர்ந்ததெல்லாம் கறுப்பாகவும் சூடானதெல்லாம் வெள்ளையாகவும் தெரியும். நாலாம் கிடங்கை அதுவரை சுற்றுப்பாதையில் சேர்க்கவில்லை. கூரை இல்லாத வெறும் தகரச் சுவர், பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவைத்திருந்தார்கள். செயல்விளக்கம் ஒன்று அந்தப் பக்கம் நடக்கப்போவதால், ஒருநாள் அதையும் சேர்த்தார்கள்.

தட்டான் சுவருக்கு மேல் ஏறி உள்ளே பார்த்தது.

கறுப்புச் சுவரோரம் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். வெள்ளையாக, முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து.

‘உள்ளே இருப்பவர் கவனிக்கவும்’ என்றது தட்டானின் ஒலிபெருக்கி. அறைக்குள் இருந்தும் அவளுக்கு அது கேட்டது. ‘உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உடனே வெளியேறவும்.’

வீட்டில் டிவி பார்க்கும்போது அவர் சுவரில் சாய்வது அப்படித்தான். இடப்பக்கம். கழுத்து வலிக்கப் போகுது, நேரா உட்காருங்க என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவள் கத்தவில்லை. கையை நீட்டித் திரையில் அந்த வெள்ளையைத் தொட்டாள். கண்ணாடி சில்லென்று இருந்தது.

ட்ரோன் விற்ற நிறுவனத்திலிருந்து வந்து அங்கேயே தங்கியிருந்த டெக்னீஷியன் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். “யாரோ பூந்துட்டான்க்கா” என்றான் உற்சாகமாக. “பாத்தீங்களா, கண்டுபிடிச்சிருச்சு!”

ஜீரோ சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தட்டான் வந்த நாளிலிருந்து அது பிடித்த முதல் ஆள் இவன்தான். தினமும் சாயங்காலம் அறைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். தினமும் அந்த ஆள் அதே இடத்தில் இருந்தான். தட்டான் விடாமல் கூப்பிட்டது. அவன் அசையவில்லை.

அவள் அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள். சோறு பிசையும்போது, துணி மடிக்கும்போது, ‘உடனே வெளியேறவும்’ என்று காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். அன்றைக்கு ஒரே ஒரு தடவை இப்படிக் கூப்பிட்டிருந்தால்?

அந்த வாரக் கடைசியில் ஜீரோ சார் ஒரு முடிவுக்கு வந்தார். “வெளியாளா இருந்தா இந்நேரம் பயந்து ஓடியிருப்பான். இவன் இவ்வளவு சொல்லியும் உரிமையோட உட்கார்ந்திருக்கான். இவன் நம்ம ஆளு.”

தட்டான் வந்த புதிதில் ஊழியர்கள் எல்லோருடைய தோள் அகலத்தையும் உயரத்தையும் அளந்து அதற்குள் ஏற்றியிருந்தார்கள். டெக்னீஷியன் அதோடு அந்த உருவத்தை ஒப்பிட்டான். திரையில் ஒரு முகம் வந்தது. தீயணைப்புக் குழுச் சீருடையில், சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்த படம்.

தட்டான் வெளியே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“அம்மா,” என்றார் ஜீரோ சார், நெகிழ்ந்துபோய். “உங்க வீட்டுக்காரர் திரும்பி வந்துட்டார்.”

பணியாளர் பிரிவு மேடத்துக்கு இதில் ஒரு சிக்கல் தெரிந்தது. “வந்தது சரி சார். ஆனா இவ்வளவு நாள் எங்க இருந்தார்னு விளக்கம் கேக்காம எப்படி வேலையில சேத்துக்கறது? முதல்ல மெமோ குடுக்கணும். நேர்ல குடுத்துக் கையெழுத்து வாங்கணும்.”

“யார் போறது?”

யாரும் போகத் தயாராக இல்லை. தட்டான் தவறாது என்று தினமும் கையை நீட்டிச் சொன்னவர்கள்தான். ஆனாலும் நாலாம் கிடங்குக்குள் நுழைய ஒருவருக்கும் கால் வரவில்லை. கடைசியில் மேடம் அவளைப் பார்த்தார். “உங்க வீட்டுக்காரர்தானேம்மா? நீங்களே குடுத்துடுங்களேன். அனுமதியில்லாம வராததுக்கு ஒண்ணு, அனுமதியில்லாம வந்ததுக்கு ஒண்ணு. ரெண்டு மெமோ.”

மறுநாள் பொழுது சாயும்முன் அவள் போனாள். கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை. உள்ளே தரையெல்லாம் கரியும் புதிதாக முளைத்த புல்லும். அவள் சுவரோரமாகவே நடந்தாள். கூப்பிடலாமா என்று நினைத்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. “என்னங்க” என்றாள் மெதுவாக. தகரம் வெயிலில் விரிந்து சடசடத்தது.

அங்கே அவர் இருந்தார்.

சுவர் முழுக்கப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்த காலம் ஒன்று உண்டு. தீயில் அது எரிந்து உதிர்ந்து, மழையில் கழுவி, வெறும் வெள்ளைத் தகரம்தான் மிஞ்சியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் பெயிண்ட் எரியவில்லை. அந்த இடத்தில் ஏதோ ஒன்று சுவரோடு சுவராக ஒட்டித் தீயை மறைத்திருந்தது. முழங்கால் மடங்கிய இடம் தெரிந்தது. தோள் தெரிந்தது. இடப்பக்கம் சாய்ந்த தலை தெரிந்தது. தலைக்கு மேல் தூக்கிய கை தெரிந்தது. ஐந்து விரலும் பச்சையாக, தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்ததுபோல் விரிந்திருந்தன.

அந்தச் சுவருக்கு மறுபக்கத்தில்தான் அன்றைக்குக் குழாய்க்காரர்கள் சான்றுக்காகக் காத்து நின்றிருந்தார்கள்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த மெமோக்கள் எப்போது கீழே விழுந்தன என்று தெரியவில்லை. வெகுநேரம் கழித்துத் தன் கையை அந்தப் பச்சைக் கையின்மேல் வைத்தாள். பகல் வெயிலெல்லாம் அதில் இருந்தது. காய்ச்சல்காரனின் கைபோல் சுட்டது.

ஜீரோ சாரின் அறைக்கு அவள் நேராகப் போனாள். டெக்னீஷியனும் மேடமும் அங்கே இருந்தார்கள். கண்டதைச் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது.

“ஓ, அதுவா!” என்றான் டெக்னீஷியன். “வெயில் சூடு பெயிண்ட்ல நல்லாத் தெரியும்க்கா, வெறுந்தகரத்துல தெரியாது. அதான் ஆள் மாதிரி காட்டியிருக்கு.”

“அப்போ காவலன் தப்பாச் சொல்லிச்சா?” என்றார் ஜீரோ சார்.

“தப்புன்னு இல்ல சார்...”

“ஆள் இல்லாத இடத்துல ஆள் இருக்குன்னா அதுக்குப் பேர் என்னப்பா?”



“அன்னைக்கு ஆள் இருந்த இடத்துல ஆள் இல்லைன்னுச்சே சார்,” என்றாள் அவள். “அதுக்குப் பேர் என்ன?”

ஜீரோ சார் மேசைமேல் இருந்த விருதை எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“கையெழுத்து வாங்கிட்டீங்களா?” என்று கேட்டார்.

வெளியே வந்ததும் அவள் டெக்னீஷியனைப் பிடித்துக்கொண்டாள். “தம்பி, உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு ஏன் அவரு தெரியலை?”

“தீக்குள்ள எல்லாமே சூடுக்கா. எது மனுஷன், எது டிரம்னு பிரிக்க முடியாது. ஆனா தீ இல்லாத நாள்ல நம்ம காவலனை அடிச்சுக்க முடியாது.”

பெருமையாகத்தான் சொன்னான். சொல்லி முடித்த பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அதற்கப்புறம் அவன் அவள் இருக்கும்போது அறைக்குள் வருவதைக் குறைத்துக்கொண்டான்.

அன்று இரவு சாப்பாட்டில் மகளிடம் சொல்ல முயன்றாள். “சுவத்துல அப்பா மாதிரியே இருக்குடி.”

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “உனக்கு எல்லாத்துலயும் அந்தாளு தெரியுது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வாம்மா.”

நிர்வாகம் நாலாம் கிடங்கு விஷயத்தைச் சுமுகமாக முடித்துவைத்தது. தட்டான் பார்க்கிறது, ஆகவே ஆள் இருக்கிறார். இருக்கிறார், ஆகவே தினமும் வருகை பதிவாக வேண்டும். கையெழுத்துப் போட மறுப்பது ஒழுங்கீனம்தான், ஆனால் இருப்பிடத்தை விட்டு ஒருநாளும் நகராதது பாராட்டத்தக்கது என்று மேடம் கருதினார். நேரம் தவறாமைக்கு முன்னுதாரணமாக அவரைக் காலை உறுதிமொழியின்போது ஜீரோ சார் இரண்டு தடவை குறிப்பிட்டார். அந்தச் சமயங்களில் அவள் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். தலையைக் குனிந்தால் தட்டான் எண்ணாது.

செயல்விளக்க நாள் வந்தது. பக்கத்துப் பேட்டைகளிலிருந்து முதலாளிகள், ட்ரோன் வாங்கலாமா என்று பார்க்க வந்திருந்தார்கள். நாலாம் கிடங்கின் எதிரே பந்தல் போட்டு, பெரிய திரை வைத்திருந்தார்கள். திரைக்குப் பக்கத்தில் மேசை போட்டு அவளை உட்கார வைத்திருந்தார்கள். கிடங்கு வாசலில் இரும்புத் தொட்டியில் எண்ணெய் ஊற்றித் தீ வைப்பது, தட்டான் வந்து நுரை கொட்டி அணைப்பது, பிறகு தேநீர் என்று ஏற்பாடு.

ஜீரோ சார் ஒலிவாங்கியைப் பிடித்தார். “நண்பர்களே, முன்னாடி எங்ககிட்ட தீயணைப்பு வீரர்கள் இருந்தாங்க. அவங்களுக்குப் பயம் இருந்துச்சு, பசி இருந்துச்சு, குடும்பம் இருந்துச்சு. காவலனுக்கு அதெல்லாம் கிடையாது. அது யாரையும் நினைச்சுக் கவலைப்படாது. அதனாலதான் அது தவறாது. இந்தப் பேட்டையில ஒரு குழாய்கூடக் கிடையாதுன்னு பெருமையாச் சொல்லிக்கறேன்!”

கைதட்டினார்கள். தொட்டிக்குத் தீ வைத்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தட்டான் எழும்பி, தீயின்மேல் வந்து, கிடங்கை எட்டிப் பார்த்தது. அந்தரத்தில் நின்றது.

‘உள்ளே இருப்பவர் கவனிக்கவும். தீ எரிகிறது. உடனே வெளியேறவும்.’

முதலாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “உள்ள யாரு?” என்றார் ஒருவர்.

“நம்ம ஸ்டாஃப்தான்” என்றார் ஜீரோ சார், யோசிக்காமல்.

‘உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உடனே வெளியேறவும்.’

ஆள் உள்ளே இருக்கும்போது தட்டான் நுரை கொட்டாது. நுரையில் மூச்சு முட்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காற்று திரும்பியது. தொட்டியின் தீ சாய்ந்து, வாசலில் வளர்ந்திருந்த புல்லைப் பிடித்தது. புல்லிலிருந்து, பந்தலுக்குத் தள்ளி அடுக்கியிருந்த தின்னர் டிரம்களைப் பார்த்து நகர்ந்தது. நாற்காலிகள் கவிழ்ந்தன. யாரோ “தண்ணி, தண்ணி” என்று கத்தினார்கள். தேநீர்த் தம்ளர்களைக் கழுவ வைத்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு மேடம் ஓடி வந்தார். தட்டான் அதே இடத்தில் நின்று, அதே குரலில், கொஞ்சமும் அவசரப்படாமல் உள்ளே இருந்தவரை வெளியே கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

அவளுடைய திரையில் கேள்வி வந்தது. உள்ளே இருப்பவரின் நிலை என்ன? கீழே மூன்று விடைகள்: வெளியேறிவிட்டார். தவறான கணிப்பு. உயிருடன் இல்லை. அதிகாரியின் விரல்ரேகை வேண்டும்.

ஜீரோ சார் ஓடிவந்து முதலாவதை அழுத்தினார். ‘உள்ளே இருக்கிறார்’ என்று தட்டான் மறுத்தது. அவர் விரல் இரண்டாவதுக்குப் போனது. பெரிய திரையில் அது எல்லோருக்கும் தெரிந்துகொண்டிருந்தது. ஓடாமல் நின்ற முதலாளிகள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் அங்கேயே நின்றது.

“தவறுன்னு போட முடியாதும்மா” என்றார் அவர் அவளிடம், கெஞ்சுவதுபோல். “காவலன் தவறாது.”

“அப்போ மூணாவது சார்.”

“அது எப்படி...”

“நீங்க சொல்லுங்க சார். வாய்விட்டுச் சொல்லுங்க.”

முதல் டிரம்மின் மூடி வெடித்துப் பறந்தது. ஜீரோ சார் அலறிவிட்டார். அவர் கையிலிருந்த ஒலிவாங்கியை அணைக்க அவருக்கு நினைவில்லை. “செத்துட்டான்! உன் புருஷன் செத்துட்டான்! அன்னைக்கே உள்ள கிடந்து செத்துட்டான்! போதுமா?”

பேட்டை முழுக்க அது கேட்டது. அவர் விரல் மூன்றாவதின்மேல் விழுந்தது. தட்டான் பேச்சை நிறுத்தியது. அதன் வயிறு திறந்து, வெள்ளை நுரை சத்தமில்லாமல் இறங்கியது.

எல்லோரும் இருமிக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருந்தபோது அவள் மட்டும் மேசையில் தலையைச் சாய்த்து, அத்தனை மாதமும் அழாததற்கெல்லாம் சேர்த்து அழுதாள்.

விசாரணை நடந்தது. கணினியில் பதிவான தேதிதான் தேதி என்பதால், அவர் செயல்விளக்க நாளன்று மரணமடைந்தார் என்று முடிவானது. தட்டான் பலமுறை எச்சரித்தும் வெளியேறாததால் பொறுப்பு முழுக்க அவரையே சேரும் என்றார்கள். கிடங்கு எரிந்த நாளின் உயிர்ச்சேதம் பூஜ்யமாகவே நீடித்தது, விருதுக்குப் பாதிப்பில்லை. அவர் நினைவாகக் காலையில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி மௌனமாக நின்றார்கள். இனி இப்படி நேராமல் இருக்க, நாலாம் கிடங்குக்குள் தெரியும் எந்த மனித உருவத்தையும் கணக்கில் கொள்ளக் கூடாது என்று தட்டானுக்குக் கட்டளை ஏற்றப்பட்டது. டெக்னீஷியன் அதை ஏற்றிவிட்டு, அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டான்.

பந்தலில் யாரோ எடுத்த வீடியோ எல்லோர் போனிலும் போயிருந்தது. மகள் பள்ளியிலிருந்து வந்து, பையைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். “அந்த சார் சொன்னது நிஜமாம்மா?” என்றாள்.

“நிஜம்தான்.”

“நீ ஏன் முன்னாடியே சொல்லலை?”

“உன்கிட்ட சொன்னா எனக்கும் நிஜமாயிடும்னு பயமா இருந்துச்சு.”

மகள் கட்டிலுக்கு அடியில் குனிந்து சாக்கை இழுத்தாள். அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, “எனக்குக் காட்டு” என்றாள்.

கிடங்கை இடிக்கப் போவதாகப் பேச்சு இருந்தது. அதற்கு முந்தின சாயங்காலம் அவள் மகளை அழைத்துப் போனாள். வாசலில் யாரும் தடுக்கவில்லை. தடுக்க ஆட்களும் இல்லை. நுரை காய்ந்து சுவரில் உப்புப்போல் படிந்திருந்தது. அவள் முந்தானையால் துடைத்தாள். முழங்கால் வந்தது. தோள் வந்தது. கை வந்தது.

மகள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, சுவரில் முதுகைக் கொடுத்து, அந்த வடிவத்துக்குள் உட்கார்ந்தாள். அதில் அவளுக்கு இடம் மிச்சம் இருந்தது.

“சூடா இருக்கும்மா.”

“ம்.”

தலைக்கு மேலே இரைச்சல் கேட்டது. தட்டான் சுவரைத் தாண்டி வந்து, நேர் மேலே நின்று, உருண்டைக் கண்ணால் கீழே பார்த்தது. மகள் திடுக்கிட்டு எழுந்து இரண்டு கையையும் ஆட்டினாள். “ஏய்! இங்க இருக்கோம்!” என்று கத்தினாள். அது கொஞ்ச நேரம் நின்றது.

‘உள்ளே ஆள் இல்லை’ என்றது. அடுத்த கிடங்கைப் பார்க்கப் போயிற்று.

மகளின் கைகள் இன்னும் மேலேயே இருந்தன. “நம்மளப் பாக்கவே இல்லையேம்மா.”

“பாக்காது. வா, நாமளே வெளிய போயிடலாம்” என்று அவள் மகளின் கையைப் பிடித்து இறக்கினாள்.